கோப்பித் தட்டில் அரை மாத்திரை

டாக்டர் என் வீட்டுக்காரரிடம் கேள்வி கேட்டால் நான்தான் பதில் சொல்வேன். அவர் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "ராத்திரி எத்தன தடவ எழுந்திரிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்பார். எழுந்திருக்கிறவர் அவர். ஆனாலும் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்ப்பார், எழுந்து போய்விட்டு வந்தவள் என்னவோ நான்தான் என்பது போல. நானும் சளைக்காமல் சொல்வேன். கால் மரத்துப்போவது, வாய் கசப்பது, வயிறு இறுகுவது எல்லாம் என் வாயிலிருந்துதான் வரும். கேட்டுக் கேட்டு டாக்டருக்கும் பழகிவிட்டது. கடைசியில் அவரே என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

மலேசியாவில், எங்கள் லூனாஸ் பக்கம், எங்கள் வயதுக்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான். கிளினிக் பெஞ்சில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருப்போம். நம்பர் கூப்பிட்டதும் புருஷன் முன்னால் நடப்பார், மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு பெண்டாட்டி பின்னால் போவாள். அறைக்குள் போனதும் வரிசை மாறிவிடும். நான் செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே டிரஸர், அதாவது தோட்டத்து மருந்துக்காரர், லயத்து வீடுகளுக்கு வரும் நேரத்தில் ஆண்கள் வேலைக்காட்டில் இருப்பார்கள். அப்பாவுக்கு எந்த மாதிரி இருமல் என்று அவர் கேட்டால் அம்மா அதே மாதிரி இருமிக் காட்டி மருந்து வாங்குவார். அப்பா வந்து குடிப்பார். அந்த வீட்டில் வளர்ந்தவள் வேறு எப்படி இருப்பேன்?

என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் லூனாஸ் முச்சந்தியில் சாலையோரமாக ஓர் ஒட்டுக்கடை போட்டார். பிற்பகலில் பிசாங் கோரெங், அதுதான் வாழைப்பழப் பொரியல். கூலிம் ஹைடெக் பூங்காவிலிருந்து தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும் நேரத்துக்குச் சரியாக முதல் சட்டி இறங்கும். நானும் ஒரு காலத்தில் அந்தத் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர் சிப்புகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள்தான். வேலை முடிந்து வருகிறவர்களின் பசி எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. சூடாகத் தாளில் சுற்றிக் கொடுத்து, "நாளைக்கு வாங்க தம்பி" என்பார். அந்தக் கடையில் நின்றபோது அவர் பேசிய பேச்சில் பாதியைக்கூட டாக்டர் முன்னால் பேசியதில்லை.

வீட்டில் அவர் பொறுப்பு ஒன்றே ஒன்றுதான், காலைக் கோப்பி. நான் ஷிப்ட் வேலைக்குப் போன காலத்தில் தொடங்கியது அது. நான் வேலையை விட்ட பிறகும் அவர் விடவில்லை. கோப்பியைத் தட்டில் வைத்து, தட்டின் ஓரத்தில் என் பிரஷர் மாத்திரைகளையும் வைத்துக் கொண்டுவருவார். நான் தொலைபேசியில் வந்த குட்மார்னிங் படங்களைப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டு விழுங்குவேன். அதில் ஒன்று எப்போதும் உடைந்தே இருக்கும். மருந்து கவுண்டர்க்காரர்களுக்கு முழு மாத்திரை எடுத்துக் கொடுக்கக்கூடத் தெரியவில்லை என்று வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டு கோப்பியை உறிஞ்சுவார்.

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, அவருக்குப் பல வருடமாக இருந்தது. அது மெல்ல மெல்ல கிட்னியைத் தின்றுவிட்டது. இனி டயாலிசிஸ்தான் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்ன நாளில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதிசயமாக அவரே வாயைத் திறந்து கேட்டார்.

"கடைய என்ன பண்றது டாக்டர்?"

வழி இரண்டு இருந்தது. ஒன்று, வாரத்தில் மூன்று நாள் சென்டருக்குப் போய் மெஷினோடு உட்கார வேண்டும். போக வர, உட்கார, களைப்புத் தீர என்று அந்த நாளே போய்விடும். கடையை மூட வேண்டியதுதான். இன்னொன்று, வயிற்றில் ஒரு குழாய் வைத்து, வீட்டிலேயே பையிலிருந்து மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, பிறகு வெளியே எடுப்பது. நாளுக்குச் சில தடவை செய்ய வேண்டும். சுத்தம் தவறினால் வயிற்றுக்குள் கிருமி போய்விடும். ஆனால் இடைப்பட்ட நேரம் அவருடையது. பிற்பகலில் கடையில் நிற்கலாம். அவருக்கு அந்தப் பைதான் வேண்டும். எனக்கும் அதுதான் வேண்டும். கடை இல்லாமல் அவர் வீட்டில் உட்கார்ந்தால் கிட்னிக்கு முன்னால் மனசு போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

"கொஞ்ச நாள் கழிச்சு மிஸ்ஸி கூப்பிட்டுப் பேசுவாங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்," என்றார் டாக்டர்.

மிஸ்ஸி என்றால் எங்கள் ஊரில் நர்ஸ். இந்த மிஸ்ஸி சின்னப் பெண், நம் தமிழ்ப் பெண்தான், சிரித்த முகம். கையில் டேப்லெட் கம்ப்யூட்டர் வைத்திருந்தாள். நான் வழக்கம்போல் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நுழைந்தேன்.

"ஆன்டி, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க லா. இன்னிக்கு அங்கிள் மட்டும்தான்."

"அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான்தான் எல்லாம் சொல்லணும்."

"அதத்தான் ஆன்டி பாக்கப் போறோம்."

ஒருவர் தன் உடம்பைத் தானே எவ்வளவு பார்த்துக்கொள்கிறார் என்பதை அளக்க அந்த டேப்லெட்டில் ஏதோ வைத்திருக்கிறார்கள். கேள்விகளுக்குச் சொல்லும் பதிலை வைத்து மார்க் வரும். மார்க் குறைந்தவரிடம் பையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப டாக்டர் யோசிப்பார். மெஷினில் சர்க்கரையை அளப்பார்கள், பிரஷரை அளப்பார்கள். பொறுப்பையும் அளப்பார்கள் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். கதவுக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. நானும் சாத்தச் சொல்லவில்லை.

"அங்கிள், நீங்க என்னென்ன மாத்திர சாப்பிடுறீங்க?"

"அவ குடுக்குறத."

"எதுக்கு எந்த மாத்திரன்னு தெரியுமா?"

"அவளுக்குத் தெரியும்."

"கால்ல புண்ணு இருக்கான்னு தினம் யாரு பாக்குறது?"

"அவதான்."

"பையிலேருந்து வர்ற தண்ணி கலங்கலா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

இதற்காவது ஏதாவது சொல்வார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். முந்தின வாரம்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பை மாற்றுவதைப் பற்றிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியிருந்தேன்.

"அவளக் கூப்பிடுவேன்," என்றார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நம்பர் கூப்பிடக் காத்திருந்த ஓர் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் பெண்டாட்டி முகத்தில் சிரிப்பில்லை. அடுத்தது தன் முறை என்று அந்த அக்காவுக்கு விளங்கிவிட்டது.

மிஸ்ஸி என்னை உள்ளே கூப்பிட்டாள். உட்காரும் முன்பே நான் அவர் மேல் பாய்ந்தேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? அத்தன தடவ சொன்னேனே! உங்க ஒடம்பு, உங்க மாத்திர, அதுகூடவா தெரியாது? கட வேணும்னு நீங்கதான கேட்டீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். மிஸ்ஸி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டேப்லெட்டைத் திருப்பி வைத்துவிட்டு, குரலில் கொஞ்சம் குறும்போடு கேட்டாள்.

"ஆன்டி, உங்களுக்கும் பிரஷர் இருக்குல்ல? நீங்க என்ன மாத்திர சாப்பிடுறீங்க?"

"ஏன் தெரியாது? காலையில..." என்று ஆரம்பித்தேன். கோப்பித் தட்டு ஞாபகம் வந்தது. அதன் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. என் முகத்தில் ஈயாடவில்லை.

பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"காலையில சின்ன வெள்ள ஒண்ணு மிஸ்ஸி. ரோஸ் கலர்ல பாதி. அந்தப் பாதிய நான்தான் பிளேடு வச்சு ஒடைப்பேன், முழுசாப் போட்டா அவளுக்குத் தல சுத்தும். ராத்திரி கொழுப்பு மாத்திர. முன்ன ஒரு மாத்திர குடுத்தாங்க, அதுல கணுக்கால் வீங்கிச்சு. டாக்டர்ட்ட சொல்லி மாத்தினேன்."

"நீங்க எப்ப சொன்னீங்க?" என்றேன்.

"நீ மருந்து நம்பர் எடுக்க ஓடுவியே, அப்ப."

எங்கள் இருவருக்கும் ஒரே டாக்டர்தான். டாக்டர் பேசி முடித்ததும் மருந்து கவுண்டரில் முன்னால் நம்பர் எடுக்க நான் ஓடுவேன். இவர் அறையிலிருந்து வெளியே வர எப்போதும் நேரமாகும். செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, "லோரி ஓட்டுன மனுஷனுக்கு நடக்க இவ்வளவு நேரமா?" என்று எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அந்த நேரத்தில்தான் அவர் என் கணுக்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. மிஸ்ஸிக்கு முன்னால் அழக்கூடாது என்று பையைக் கிளறினேன்.

மிஸ்ஸி வாய்விட்டுச் சிரித்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் மார்க்க மாத்திக் குடுத்தா ஃபுல் மார்க் லா! ஆனா இதுல அப்படிப் போட எடமில்ல ஆன்டி. ஒருநாள் ஆன்டிக்குக் காய்ச்சல்னா, ஊருக்குப் போயிட்டாங்கன்னா, அங்கிள் என்ன பண்ணுவாரு?"

அவள் கெட்டிக்காரி. இந்த மார்க்கை இப்போதைக்கு எழுதி வைக்கிறேன், அடுத்த முறை வரும்போது திரும்பக் கேட்கிறேன், அதற்குள் அங்கிள் தன்னுடையதைக் கற்றுக்கொள்ள வேண்டும், ஆன்டி உதவக்கூடாது என்று சொல்லி அனுப்பினாள். கதவருகே என் தோளைத் தொட்டு, "நீங்களும்தான் ஆன்டி," என்றாள்.

அடுத்த நாள் காலையில் கோப்பி வந்தது. தட்டில் மாத்திரை இல்லை.

இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமான புதிதில் சண்டை போட்டுவிட்டு ஒரு நாள் முழுவதும் பேசாமல் இருந்தாரே, அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது. "மாத்திர எங்க?" என்றேன். அலமாரியைக் காட்டினார். "மிஸ்ஸி சொன்னாங்கல்ல. ரோஸ் கலர நீயே ஒட." நான் உடைத்தேன். அது ஒரு பக்கம் பெரிதும் ஒரு பக்கம் சிறிதுமாகப் போய், மிச்சம் தூளாகி மேசையில் சிந்தியது. அவர் எப்படி அத்தனை வருடமும் சரிபாதியாக உடைத்தார் என்று அப்போதுதான் யோசித்தேன்.

அவருக்குக் கற்றுக்கொள்வது கஷ்டமாக இல்லை. பேசாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மாத்திரை டப்பாக்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். சர்க்கரைக்கு எடுக்க வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றின்மேல் கை போகும். எனக்கு நாக்கு நுனியில் வந்து நிற்கும். எழுந்து பின்பக்கம் போய்த் துணியை அலசுவேன். அலசிய துணியையே திரும்ப அலசிய நாளும் உண்டு. அவர் உள்ளேயிருந்து, "கண்டுபிடிச்சிட்டேன்!" என்று சத்தம் போடுவார். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட அவ்வளவு பெருமை இருக்காது.

கை கழுவுவதுதான் பெரிய பாடம். அவர் நகத்துக்குள் எப்போதும் மாவு இருக்கும். மிஸ்ஸி சொல்லிக் கொடுத்த மாதிரி விரல் இடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு என்று தேய்த்துத் தேய்த்துப் பழகினார். கடையிலும் அப்படியே கழுவ ஆரம்பித்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்ணொருத்தி, "என்ன அங்கிள், ஆபரேஷனா பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள். "ஆமாம்மா, பிசாங்குக்கு," என்றார். அந்தப் பழத்தை அவர் வாயில் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கிட்னி போனவருக்கு வாழைப்பழம் ஆகாது. நான் பார்க்காத நேரத்தில் ஓரத்துத் துண்டு ஒன்றைக் கடிப்பவர், அந்த நாட்களில் தானே நிறுத்திக்கொண்டார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் உடம்பு விஷயத்தில் நான் வாயைத் திறக்காமல் நடந்த முதல் காரியம் அதுதான்.

நானும் என்னுடையதைக் கற்றுக்கொண்டேன். வெள்ளை எதற்கு, ரோஸ் எதற்கு, எந்த மாத்திரையில் கால் வீங்கியது என்று மாலையில் அவரிடம் ஒப்பிப்பேன். அவர் தன்னுடையதை என்னிடம் ஒப்பிப்பார். பிள்ளைகள் பினாங்கில் வேலைக்குப் போன பிறகு எங்கள் வீட்டில் அவ்வளவு பேச்சு இருந்ததில்லை. தப்பாகச் சொன்னால் ஒருவரையொருவர் கேலி செய்வோம். அப்படி ஒரு மாலையில் நான் தொடர்ந்து தப்பாகவே சொல்ல, "ஒனக்குப் பை கெடையாது போ," என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்த மாலைகளைத் திரும்பக் கொடுத்தால் இன்னொரு தடவை எல்லாவற்றையும் மறந்துவிட்டு உட்காருவேன்.

மறுபடி போன நாளில் மிஸ்ஸி சொல்லும் முன்பே நான் வெளியே உட்கார்ந்துவிட்டேன். கதவு அன்றைக்கும் சரியாகச் சாத்தவில்லை.

மாத்திரைகளைச் சொன்னார். கால் பார்ப்பதைச் சொன்னார். ஓரிடத்தில் தடுமாறினார். என் கால் கட்டைவிரல் செருப்புக்குள் மடங்கியது. பிறகு சமாளித்துவிட்டார். கடைசியாக மிஸ்ஸி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"தண்ணி கலங்கலா வந்தா?"

"எண்ணெய் கெட்டுப்போனா எனக்குத் தெரியாதா மிஸ்ஸி? அது மாதிரி தெரிஞ்சிடும். அன்னிக்கே ஒங்களுக்குப் போன் போட்டுட்டு, அந்தப் பையையும் தூக்கிக்கிட்டு வந்துடுவேன். நாளைக்குப் பாக்கலாம்னு விடமாட்டேன்."

"ஆன்டியக் கூப்பிட மாட்டீங்களா?"

உள்ளே நாற்காலியைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"கூப்பிடுவேன். தொணைக்கு," என்றார்.

பை கிடைத்தது. ஆஸ்பத்திரியில் வயிற்றில் குழாய் வைத்து அனுப்பினார்கள். நாள்காட்டி மாட்டியிருந்த ஆணியில் பையைத் தொங்கவிட்டார். மாஸ்க் போட்டு, விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு உட்காருவார். என்னைத் தொடவிடமாட்டார். பிற்பகலில் கடைக்குப் போவார். தொழிற்சாலை பஸ்ஸுக்கு முதல் சட்டி அப்புறமும் தவறவில்லை.

பை வந்த சில நாளில், காலையில் பார்க்கிறேன், கோப்பித் தட்டின் ஓரத்தில் மாத்திரைகள் திரும்ப வந்திருந்தன. ரோஸ் கலர் சரிபாதியாக உடைந்திருந்தது.

"இது என்ன? மிஸ்ஸி என்ன சொன்னாங்க?"

"நீதான் எல்லாம் கத்துக்கிட்டியே. இனிமே நான் வச்சா என்ன?"

அதற்கப்புறம் விழுங்கும் முன்னால் தட்டைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. வேண்டுமென்றே சில நாள் வெள்ளையை வைக்காமல் விட்டுவிட்டு நான் கண்டுபிடிக்கிறேனா என்று பார்ப்பார். கண்டுபிடித்தால் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். அப்படிச் சில வருடம் போனது. எங்கள் நல்ல காலம் அதுதான் என்று இப்போது தெரிகிறது. அப்போதும் தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

அவர் போனது பையால் இல்லை. வயிற்றில் ஒரு தடவைகூடக் கிருமி வரவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது. முந்தின நாள் பிற்பகலில்கூடக் கடையில் நின்றார்.

இந்த வருடம் என் பிரஷருக்காகக் கிளினிக்குக்குத் தனியாகப் போனேன். பெஞ்சில் பக்கத்து இடத்தில் பையை வைத்தேன். வேறொரு மிஸ்ஸி, அதே மாதிரி டேப்லெட். மாத்திரைகளைப் பற்றிக் கேட்டாள். பெயரும் வேலையும் சொன்னேன். ஒத்துக்கொள்ளாத மாத்திரையையும், ரோஸ் கலரை ஏன் பாதியாக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது என்று கேட்டாள். என்னுடையது என்றேன். அவள் கண் அகலமாயிற்று.

"சூப்பர் லா ஆன்டி! இன்னிக்கு வந்தவங்கள்லயே நீங்கதான் டாப்."

நன்றி சொன்னேன். மார்க் என்னவோ சரிதான், அந்தப் பெண்ணின் மேல் தப்பில்லை. ஆனால் முழு மார்க் வாங்கிய இந்த உடம்பை இப்போது பார்த்துக்கொள்வது நான் ஒருத்திதான். ஒன்றும் தெரியாமல், ஒரு மார்க்கும் வாங்காமல் உட்கார்ந்திருந்தேனே, அந்தக் காலத்தில்தான் இது நன்றாகப் பார்த்துக்கொள்ளப்பட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் டேப்லெட்டில் எங்கே போடுவாள்? அறையை விட்டு வெளியே வர எனக்குக் கொஞ்சம் நேரமானது. செருப்பு காலில்தான் இருந்தது.

இப்போது ரோஸ் கலரைச் சரிபாதியாக உடைக்க வந்துவிட்டது, தூள்கூடச் சிந்துவதில்லை. கையில் எடுத்து அப்படியே வாயில் போட்டால் மட்டும் விழுங்க முடிவதில்லை. கோப்பி போட்டு, தட்டில் வைத்து, ஓரத்தில் மாத்திரைகளை வைத்து, தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து தட்டைப் பார்க்கிறேன். வெள்ளை இருக்கிறது. பாதி இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. ஒரு நாளாவது ஒன்று குறையாதா என்று பார்க்கிறேன்.